மழைக்கும் சண்டைக்கும் ஒரு கட்டம்

புரோகிராம் எழுதுகிற தொழிலில் புரோகிராம் எழுதுவதுதான் குறைவு. மீதி நேரமெல்லாம் "நான் ஒண்ணுந் தொடலீங்க, அதுவா நின்னு போச்சு" என்று சொல்கிறவரின் முகத்தைப் பார்த்து, நம்பிவிட்ட மாதிரி தலையாட்டுவதுதான். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பெயர் மல்லிகா. இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்கு முந்தின வருஷம், இரத்தினபுரியில் ஒரு கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடங்கினேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. வாய்க்கு மட்டும் நாற்பது என்பார் அம்மா.

அயன் பெட்டி

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் ரேடியோ, டோர்ச், ஓடாத மணிக்கூடு என்று வரிசை கட்டிவிடுவார்கள். கரண்டில் ஓடுகிற எல்லாமே எனக்குச் சொந்தக்காரர்கள் என்று நினைப்பு.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற புஷ்பம் அக்கா ஒரு அயன் பெட்டியோடு வந்தார். "அக்கா, நான் எதையும் கழட்டிப் பூட்டுறவ இல்ல. கம்ப்யூட்டர் என்ன செய்யணும்னு எழுதிக் குடுப்பேன். அவ்வளவுதான்" என்றேன். அக்கா அயனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அம்மாம் பெரிய பெட்டிக்கே புத்தி சொல்ற புள்ள, இந்த அயனுக்கு ரெண்டு வார்த்த சொல்லப்படாதா?"

நானாவின் நிபந்தனை

என் முதலாளி நஸீர் நானா மாணிக்கக்கல் வியாபாரி. கல்லைக் கையில் எடுத்தால் ஒரு நிமிஷத்தில் நல்லது கெட்டது சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் முகத்தில் சந்தேகம். மச்சான் யாரோ தூண்டிவிட்டு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கடை போட வைத்துவிட்டார். இரண்டு பேர் வேலைக்கு இருந்தோம். மெஷினைத் திறந்து பார்க்க சுனில் அண்ணன், புரோகிராம் எழுத நான்.

அந்த ஆவணியில் எங்கள் தோட்டத்து மனேஜர் துரையே கடைக்கு வந்தார். எங்கள் பக்கம் தேயிலையும் உண்டு, ரப்பரும் உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவார்கள். யார் கொழுந்தெடுக்கப் போவது, யார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது, எந்த நம்பர் மலைக்கு யார் என்று கங்காணி கூப்பிட்டுச் சொல்வார். அதைக் கம்ப்யூட்டர் பட்டியலாகப் போட்டுத் தரவேண்டுமாம். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் வைத்துக்கொள்வார்களாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் பிறந்த தோட்டத்துக்கு நானே எழுதப்போகிறேன்!

துரை படியிறங்கியதும் நானா என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதைச் சொல்வதற்கு முன் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்கு வேலைக்குப் போக வீட்டில் விடவே மாட்டார்கள். அந்தக் காலத்துச் சோதனைச் சாவடிகளும் அறை தேடுகிற பாடும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். இரத்தினபுரியில் புரோகிராம் எழுத வேறு இடமும் இல்லை. இந்த மேல்மாடி போனால் எனக்கு இந்தத் தொழிலே போச்சு. நானா வெற்றிலையை மென்றுகொண்டே நிதானமாகச் சொன்னார்: "மூணு மாசம் ஈக்கி புள்ள. ஓடினா மேல்மாடி ஒனக்கு. ஓடல்லயா, மேல கெமராக் கடை, நீ கீழ கவுண்டர்ல நில்லு."

பஸ்ஸில் ஏறிய கம்ப்யூட்டர்

மெஷினைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிற அன்றைக்குத்தான் நானாவின் வேனுக்குச் சுகமில்லாமல் போகவேண்டுமா? பஸ்ஸில் போனோம். பெரிய பெட்டி சுனில் அண்ணன் மடியில், திரை என் மடியில். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். தமிழ்ப் பிள்ளை, கையில் வயர் தொங்குகிற பெட்டி. என் அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன செய்யும்?" என்று சிங்களத்தில் கேட்டான். நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன், எந்த நாள் யாருக்கு என்ன வேலை என்று முன்கூட்டியே சொல்லும் என்று. அவன் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான். துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு கிட்டே வந்து, மெதுவான குரலில் கேட்டான்: "அப்படின்னா இதுல ஜாதகம் பார்க்க முடியுமா தங்கச்சி? வீட்ல எனக்குப் பொண்ணு தேடுறாங்க."

கங்காணியின் முதல் கேள்வி

முதல் பட்டியல் பெரட்டுக் களத்து வேப்பம் பலகையில் ஒட்டியாகிவிட்டது. ஒரு மாதத்து வேலை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். பௌர்ணமிப் போயா லீவைக்கூட விடாமல் குறித்திருந்தேன். முத்தையா கங்காணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

தோட்டத்தில் ஒருத்தர் செத்தால் அந்த டிவிசனே அன்றைக்கு வேலைக்கு இறங்காது. இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் மேல்மாடியில் உட்கார்ந்து எழுதும்போது அது என் மண்டையில் ஏறவில்லை பாருங்கள்! கங்காணி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் வடிவாத்தான் இருக்கு புள்ள. சாவு விழுந்தா இந்தப் பெட்டிக்கு யாரு போய்ச் சொல்றது?"

சமமாகப் பிரித்தேன்

அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கங்காணி மேல் கோபம். சில பெண்களுக்கு எப்போது பார்த்தாலும் பக்கத்து மலை, சிலருக்கு எப்போதும் தூரத்து மலை. முகம் பார்த்து வேலை கொடுக்கிறார் என்று கொதிப்பேன். ஆகவே என் புரோகிராமில் எல்லாரும் சமம். இன்றைக்குக் கிட்ட மலை, நாளைக்கு நடு மலை, நாளன்றைக்குத் தூரத்து மலை, மாறி மாறி. முகம் பார்க்காத மெஷின்! நான் உலகத்தையே திருத்திவிட்டதாக நினைத்தேன்.

இரண்டாம் வாரம் பத்து மணி வெயிலில் நான் மெஷினோடு உட்கார்ந்திருந்த தோட்டத்து ஒபிசுக்கே என் அண்ணி வந்துவிட்டார். மூச்சு இரைத்தது. ரவிக்கை முன்பக்கமெல்லாம் பால் கட்டி நனைந்திருந்தது. என் அண்ணன் மகள் அப்போது நாலு மாதக் குழந்தை. வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் கிடந்து கத்துகிறாள். அண்ணிக்கு அன்றைக்கு விழுந்தது தூரத்துப் பன்னிரண்டாம் நம்பர் மலை. அங்கேயிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். கங்காணி பக்கத்து மலைக்கு அனுப்பினாரே, அந்தப் பெண்களில் பாதிப்பேர் கைக்குழந்தைக்காரிகள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீதிப் பாதி அவருடைய சொந்தக்காரிகள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணி கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏண்டி, சமமாப் பிரிக்குதாமே ஒன் பெட்டி, அது எத்தன புள்ள பெத்துருக்கு?"

கோபக் கட்டம்

அதற்குப் பிறகு நான் கடையில் உட்கார்ந்து எழுதுவதை விட்டேன். வாரம் இரண்டு நாள் கொப்பியும் பென்சிலுமாகக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நிற்பேன். பெண்கள் வரிசையில் நின்றபடியே சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். யாருக்குக் கைக்குழந்தை, யாருக்கு முழங்கால் வலி, யார் வயிற்றுப் பிள்ளைக்காரி, எந்த மலையில் குளவிக் கூடு. ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு கட்டம் வந்தது. யாரை யாரோடு ஒரே மலைக்கு அனுப்பக்கூடாது என்றும் ஒரு கட்டம் போட்டேன். அதில் முதல் பெயர் நம்ம புஷ்பம் அக்கா. அவருக்கும் ராணி அக்காவுக்கும் தண்ணிப் பீலியில் குடம் வைக்கிற தகராறு. வாயால் பேசி முடித்து, கையால் பேசுகிற அளவுக்கு வந்திருந்தது. இரண்டு பேரையும் வேறு வேறு மலைக்குப் பிரித்தேன். தோட்டத்தில் அமைதி நிலவியது.

பிரித்துச் சரியாக மூன்றாம் வாரம் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். கைகோத்துக்கொண்டு! நான் வாயைத் திறப்பதற்குள் ராணி அக்கா பிடித்துக்கொண்டார். பேச ஆளில்லாமல் கொழுந்தெடுத்து வாயே ஊறல் எடுத்துவிட்டதாம். புஷ்பம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "நாங்க ராசியாகி எட்டு நாளாச்சு. ஒங்க பெட்டிக்கு மட்டும் இன்னும் கோவம் தீரலியோ?"

பொட்டு

எனக்குப் பிடித்த ஆயுதங்கள் எவை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு ஃபுல்ஸ்காப் கொப்பி, ஒரு பென்சில், ஒரு அழிறப்பர், அதற்குப் பிறகு கறுப்புத் திரையில் மினுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு சின்னக் கோடு. மவுஸ் என்றால் இன்றைக்கும் ஆகாது, அதை உருட்டுகிற நேரத்தில் நான் நாலு வரி அடித்துவிடுவேன். இவற்றைவிட எனக்கு உயிர், ஃபிளொப்பி. வாராவாரம் எல்லா விபரமும் ஃபிளொப்பியில் பிரதி எடுத்து வைப்பேன். இரத்தினபுரி ஈரத்தில் மெஷினை நம்பலாம், மழையை நம்ப ஏலாது.

சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் தோட்டத்து மெஷின் படுத்துவிட்டது. பரவாயில்லை, ஃபிளொப்பி இருக்கிறதே என்று அலமாரியைத் திறந்தேன். ஒபிசில் இருக்கிற பெரிய கிளாக்கர் அய்யா பயபக்தி உள்ள மனிதர். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தார், சரி. பிரிண்டருக்கு விபூதி, அதுவும் சரி. ஃபிளொப்பி ஒவ்வொன்றுக்கும் அந்தத் தகட்டு மூடியைத் தள்ளி, உள்ளே தெரிகிற கறுப்புப் பகுதியில் ஈரச் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம். ஒன்று விடாமல்! இனி எந்த மெஷினும் அவற்றை வாசிக்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுனில் அண்ணன் மெஷினைச் சரிசெய்த பிறகு, மூன்று நாள் உட்கார்ந்து கொப்பியைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடித்தேன். அய்யா பக்கத்தில் நின்று பெயர் வாசித்துத் தந்தார். பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை. இடையில் ஒருதடவை மெல்லச் சொன்னார்: "தொறந்து பாத்தா கண்ணு மாதிரி இருந்துச்சும்மா. கண்ணுக்கு மேல வைக்கணும்னு தெரியாமப் போச்சு."

போத்தல் மழை

பொழுதுபோக்குக்கு மற்றப் பெண்கள் பூப் பின்னுவார்கள். சுனில் அண்ணன் கெரம் விளையாடுவார். நான் மழை அளப்பேன். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிடித்துவைத்த பைத்தியம் இது. ஜாம் போத்தலில் அளவுக் கடதாசி ஒட்டி, கடைப் பின்சுவரில் வைத்து, காலையில் வந்ததும் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. தோட்டத்தில் கீழ் டிவிசன் வீட்டு வாசலில் அப்பாவையும் ஒரு போத்தல் வைக்கச் சொல்லியிருந்தேன். "இரத்தினபுரியில மழை அளக்கிறது, கடல்ல உப்பு இருக்கான்னு பாக்கிற மாதிரி" என்று சுனில் அண்ணன் கேலி பண்ணுவார்.

ஐப்பசியில் அந்தப் பைத்தியம்தான் கைகொடுத்தது. மரம் நனைந்தால் பால் வெட்ட ஏலாது. மழை பெய்த காலையில் என் பட்டியல் கிழித்துப் போடத்தான் ஆகும். ஆட்கள் வாடிக் கொட்டகைக்குக் கீழே ஒதுங்கி நிற்பார்கள், வேலை மாற்றிச் சொல்லக் கங்காணிக்கு ஒரு மணி நேரம் போகும், பாதிப்பேர் அதற்குள் வீட்டுக்கு நழுவிவிடுவார்கள். அப்பாவின் போத்தல் கணக்கைப் பார்த்தால், மேலே ஒபிஸ் பக்கம் காய்ந்து கிடக்கிற நாளிலும் கீழே ரப்பர் மலையில் நனைந்திருக்கிறது. ஆகவே இரண்டு டிவிசனுக்கும் பட்டியலைத் தனித்தனியாகப் பிரித்தேன். இடது பக்கம் மழை இல்லாவிட்டால் என்ன வேலை, வலது பக்கம் மழை என்றால் என்ன வேலை. காலையில் மரப்பட்டையைத் தொட்டுப் பார்த்து எந்தப் பக்கம் என்று கங்காணி சொன்னால் போதும். முதல் மழையிலேயே ஐந்து நிமிஷத்தில் களம் காலி. முத்தையா கங்காணி குடையை மடக்கியபடி என்னிடம் வந்தார். "மழைய சாட்டி வீட்டுக்குப் போய்ப் படுக்கவும் வழியில்லாமப் பண்ணிட்டியே புள்ள!"

யாருடைய பட்டியல்

மூன்று மாதம் முடியப்போகிற வாரம். தோட்டக் கம்பெனியின் கொழும்பு ஒபிசிலிருந்து பெரியவர் ஒருத்தர் திங்கட்கிழமை பார்க்க வருகிறார், அன்றைக்குத்தான் முடிவு. துரை பட்டியலைக் கையில் எடுத்தார். குழந்தை, முழங்கால், சாவு, சண்டை, குளவி, மழை என்று கட்டம் கட்டமாக ஓடுகிறது. அவர் முகம் சுருங்கியது. "இது வேலைப் பட்டியலா, லயத்து வம்பா? கட்டமெல்லாம் எடுங்க. பேரும் மலை நம்பரும் போதும். கிளீனா இருக்கணும்." எடுத்தால் பட்டியல் ஓடாது, சேர் என்றேன். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப நான் நஸீர் முதலாளிகிட்டப் பேசிக்கிறேன்" என்றார். மேல்மாடி என் கண்முன்னே கெமராக் கடையாக மாறியது. மனசு எரிய எரிய எல்லாக் கட்டத்தையும் எடுத்து, துரை கேட்ட மாதிரியே ஒன்று அடித்தேன். என் பட்டியலையும் அடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், பிடிவாதம், வேறென்ன?

திங்கட்கிழமை பெரட்டில் துரையும் கொழும்புப் பெரியவரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழ் டிவிசனில் மரமெல்லாம் நனைந்து கிடந்தது. கங்காணி கிளீன் பட்டியலை வாசித்தார். நனைந்த மரத்துக்குப் பால் வெட்ட நாற்பது பேர். குளவிக் கூட்டு மலைக்கு ஒரு கூட்டம். அண்ணிக்குப் பழையபடி பன்னிரண்டாம் நம்பர். வாசித்து முடித்தார். ஒருத்தரும் அசையவில்லை. சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள். தொழில் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ஏன் போகல?" என்றார் துரை. இடுப்பில் பிள்ளையோடு அண்ணிதான் முன்னால் வந்தார். அந்தப் பெட்டியை எத்தனை நாள் திட்டிய அண்ணி! "இது எங்க பட்டியல் இல்லீங்க தொர. எங்கள அறியாத யாரோ போட்டது. எங்க பெட்டி போட்டதக் குடுங்க, போறோம்" என்றார். எங்க பெட்டி என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் அங்கேயே விழுந்து அழுதிருப்பேன். பைக்குள்ளிருந்த பட்டியலை எடுத்துக் கங்காணியிடம் கொடுத்தேன். அவர் துரையின் முகத்தைப் பார்த்தார். துரை கொழும்புப் பெரியவரைப் பார்த்தார். கங்காணி வலது பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். வாசிக்க வாசிக்க ஆட்கள் நகர்ந்தார்கள். அண்ணி பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருக்கிற இரண்டாம் நம்பர் மலைக்கு, புஷ்பம் அக்காவும் ராணி அக்காவும் பேசிக்கொண்டே நாலாம் நம்பருக்கு. களம் காலியாகிவிட்டது.

கொழும்புப் பெரியவர் துரையோடு ஒரு ஓரமாக நின்று இங்கிலீசில் என்னவோ நீளமாகப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. பிறகு துரை என் பக்கம் வந்தார், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மல்லிகா, அந்த லயத்து வம்பெல்லாம் திருப்பிப் போடுங்க. மத்தத் தோட்டத்துக்கும் இதே மாதிரி வேணுமாம்."

நானா சொன்னபடி மேல்மாடி எனக்கே ஆனது. பிறகு இந்தப் பத்து வருஷத்தில் எத்தனையோ புரோகிராம் எழுதியாகிவிட்டது. கேட்டதை மட்டும் கேட்டபடி எழுதிக் கொடுத்தவையெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போய்விட்டன, திட்டு வாங்கி எழுதியவைதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.